நெற்றியில் பச்சை விளக்கு

இருமு, நல்லா இருமு. செவ்வாய்க்கிழமை ஆரம்பிச்சது, இன்னிக்குச் சனி. ஒரு கஷாயம் வெச்சுக் குடிக்கத் துப்பில்ல. பொண்டாட்டி பிரசவத்துக்குப் பொறந்த வீடு போயிட்டா, இவன் மூணு வேளையும் பரோட்டாவத் தின்னுட்டுத் திரியறான். முன் வரிசையில விசாலாட்சி. ரவிக்கையில ஒரு கொக்கி மாறிக் கெடக்குது. ராத்திரி தூங்கியிருக்க மாட்டா. மாமனாருக்கு மறுபடி மூச்சு வாங்குதாட்டம் இருக்குது. வாயத் தொறந்து யாருகிட்டயாவது சொல்லுவாளா? மாட்டா. சொன்னா கிரீடம் எறங்கிப் போயிரும்.

கண்களை மூடி, முதுகை நிமிர்த்தி, உள்ளங்கைகளை மடியில் மலர்த்தி வைத்து வசந்தாமணி உலக நன்மைக்காகத் தியானம் செய்துகொண்டிருந்த அழகு இது.

கண்ணை மூடியவளுக்குக் கொக்கி எப்படித் தெரிந்தது என்று கேட்கக் கூடாது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருபத்தெட்டு வருடம் செக்கிங் பார்த்தவள் அவள். மேசையில் ஒரு சட்டையை விரித்தால் இருபது விநாடி. அதற்குள் தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை எல்லாம் தெரிந்துவிட வேண்டும். குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி போட்ட குட்டிச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட்டு அடுத்த பீஸை எடுக்க வேண்டும். வேலையை விட்டு இரண்டு வருடமாகியும் அவள் கைப்பையில் ஒரு ஸ்டிக்கர் சுருள் கிடந்தது. பழக்கத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கூடத்துக்குள் நுழைந்து பாயில் உட்காருவதற்குள் நூற்றைம்பது பேரையும் ஒரு பார்வை பார்த்துவிடுவாள். கண்ணை மூடியபின் செய்வதெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டும் வேலைதான். பெண் பார்க்க வந்த நான்கு மாப்பிள்ளைகளுக்கும் அந்தக் காலத்தில் இப்படித்தான் ஒட்டினாள். ஐந்தாவது ஆள் வரவில்லை.

மணி அடித்தது. எல்லோரும் கண்ணைத் திறந்து ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தலையைச் சுற்றிக் கட்டும் அந்த மெல்லிய பட்டை குடியிருப்புச் சங்கத்துக்கு வந்து நாற்பது நாளாகிறது. உள்ளே மூளையில் பிறரைப் பற்றிய நினைப்பு எழும்போது நெற்றியின் நடுவில் சின்ன விளக்கு எரியும். இரக்கம் நிறைந்திருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், துளியும் இல்லாவிட்டால் சிவப்பு. காலை ஆறு மணிக்கு இருபது நிமிடம் கூடத்தில் உட்கார்ந்து அவரவர் சாமியை அவரவர் கும்பிடலாம். சாமி இல்லாதவர் சும்மா இருக்கலாம். மனதுக்குள் 'எல்லா உயிரும் நலமாயிருக்கட்டும்' என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், இதைச் செய்தால் குடியிருப்பே திருந்திவிடும், குடியிருப்பு திருந்தினால் ஊர் திருந்தும், ஊர் திருந்தினால் என்று மேலே போய்க்கொண்டே இருந்தார் சங்கத் தலைவர் லோகநாதன். ஜிப்பும் பட்டனும் மொத்த வியாபாரம் செய்பவர். உலகத்தின் இரண்டு பக்கங்களையும் இழுத்து மூடிவிடலாம் என்பதில் அவருக்கு நம்பிக்கை உண்டு.

அவர்தான் பொதுக்குழுவில் அந்த விதியையும் கொண்டுவந்தார். மண்டலம் முடியும் நாளிலும் சிவப்பாகவே இருப்பவர் குடியிருப்பை விட்டு வெளியேற வேண்டும்.

"வாடகைக்காரங்களுக்கு மட்டுமுங்களா?" என்று யாரோ கேட்டதற்கு, "நியாயம்னா அல்லாருக்கும் நியாயமுங்க. சொந்த வீட்டுக்காரரா இருந்தாலும் வீட்டப் பூட்டிட்டுப் போகோணும். இரக்கமில்லாதவங்க நடுவுல நம்ம குழந்தைங்க வளரலாமுங்களா?" என்றார். அப்போது யாரும் பட்டையைக் கட்டிப் பார்த்திருக்கவில்லை. கை தட்டினார்கள். இரக்கத்தின் பேரால் ஒருவரைத் துரத்துவது பற்றி அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நாற்பதாம் நாளில் பார்த்தவரை மற்றவர்கள் எல்லோரும் மஞ்சளுக்காவது வந்துவிட்டார்கள். கடைசி வரிசையில் சுவரோரம் ஒரே ஒரு சிவப்பு மீதமிருந்தது. நான்காம் மாடியில் வாடகைக்கு இருக்கும் அருளப்பன். அமரர் ஊர்தி ஓட்டுகிறவன். மகள் ஸ்டெல்லாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை இன்னும் இரண்டு வாரத்தில்.

வசந்தாமணி மின்தூக்கியில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏப்பா, அங்க உக்காந்துட்டு என்னதான் நெனைப்ப?"

"ஒண்ணும் நெனைக்கறதில்லீங்கக்கா."

"கொஞ்சமாவது நெனைச்சுத் தொலையேன். புள்ள பரீட்சை நேரத்துல வீடு தேடி அலைவியா?"

அருளப்பன் சிரித்தான். "இந்த வேலைக்கு வந்த புதுசுல ஒவ்வொரு வீட்டு அழுகையும் எங்கூடவே வூட்டுக்கு வந்துரும். சோறு எறங்காது. அப்பறம் ஒரு பாதிரியார் சொல்லிக்குடுத்தாருங்க, கண்ண மூடி உள்ள இருக்கறதையெல்லாம் கழுவி ஊத்திரு, பாத்திரத்தக் கவுத்து வெச்சுருன்னு. பதினோரு வருஷமா அதாணுங்க பண்றேன். இப்பக் கண்ண மூடுனாலே பாத்திரம் தானாக் கவுந்துருது."

உண்மையில் அந்தக் கூடத்தில் ஒழுங்காகத் தியானம் செய்கிற ஒரே ஆள் இவன்தானோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் பட்டையிடம் யார் போய் அதைச் சொல்வது?

தரைத்தளத்தில் கதவு திறந்தபோது லோகநாதன் எதிரே நின்றார். பங்குனி வெயில் காலை ஏழு மணிக்கே தகிக்கத் தொடங்கியிருந்தது. அவர் காதையும் நெற்றியையும் மூடிக் கம்பளி மப்ளர் கட்டியிருந்தார். முதல் நாளிலிருந்தே அப்படித்தான். "பனி ஒத்துக்கறதில்லீங்க" என்பார். வசந்தாமணி அந்த மப்ளருக்கு முதல் நாளே ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள், மனதுக்குள்.

"சாப்ட்டாச்சுங்களா?" என்றார் அவளைப் பார்த்து. பதிலுக்குக் காத்திராமல் மின்தூக்கிக்குள் போய்விட்டார். ஒன்பது வருடமாக எதிர்ப்படும் போதெல்லாம் இதே கேள்வி. ஒன்பது வருடமாக ஒரு நாளும் பதில் கேட்டதில்லை.

*

அன்று மாலை மதுவந்தி வந்தாள். பட்டையைச் செய்த சென்னை நிறுவனத்தின் பொறியாளர். முப்பது வயதிருக்கும். இடது காலணியின் வார் பிய்ந்து பின் ஊசியில் தொங்கிக்கொண்டிருந்தது. ரொம்ப தூரம் நடந்து வேலை பார்க்கிறவள், தன் காலுக்குச் செருப்பு வாங்க நேரமில்லாதவள் என்று வசந்தாமணிக்குப் பார்த்ததும் தெரிந்தது.

"ஆன்ட்டி, நாங்க பதினாலு ஊர்ல இதை ஓட்டிக்கிட்டிருக்கோம். துறவிங்க, கன்னியாஸ்திரிங்க, தர்கால ஓதுறவங்க எல்லாரையும் அளந்திருக்கோம். உங்க அளவுக்கு யாருக்கும் பச்சை எரிஞ்சதில்லை. நீங்க எப்படிப் பிரார்த்தனை பண்றீங்கன்னு கொஞ்சம் சொல்லணும்."

வசந்தாமணிக்குக் காது சூடானது. இருபத்தெட்டு வருடத்தில் யாரிடமும் பாராட்டு வாங்கியதில்லை. செக்கிங்காரியை யார் பாராட்டுவார்கள்? பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் ஆசை எட்டிப் பார்த்தது.

"கண்ணு, நான் பிரார்த்தனையே பண்றதில்ல."

"அப்புறம்?"

"திட்டிட்டு இருப்பேன்."

மதுவந்தியின் கை குறிப்பேட்டில் நின்றது.

"அல்லாரையும். இவன் ஏன் இருமறான், அவ ஏன் தூங்கல, மூணாவது மாடிக் கெழவர் ஏன் ஒரே சட்டைய நாலு நாளாப் போடறாருன்னு. மனசுக்குள்ளதான். மெசின் என்னமோ கோளாறு போல. வேற மெசின் மாத்திப் பாரு."

மதுவந்தி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். கறுப்புத் திரையில் மத்தாப்பு வெடித்த மாதிரிப் பச்சைப் புள்ளிகள்.

"கோளாறு இல்லை ஆன்ட்டி. பட்டைக்கு வார்த்தை புரியாது. இன்னொருத்தரோட உடம்புக்குள்ள, அவங்க நிலைமைக்குள்ள உங்க மனசு எத்தனை தடவை போய் எட்டிப் பாக்குதுன்னுதான் அதுக்குத் தெரியும். நேத்து இருபது நிமிஷத்துல நாப்பத்தொரு பேருக்குள்ள போயிட்டு வந்திருக்கீங்க."

"திட்டத்தானே போனேன்?"

"ஒருத்தருக்கு எங்க வலிக்குதுன்னு தெரியாம அவரைத் திட்ட முடியாது, இல்லையா? சில பேர் 'எல்லாரும் நல்லா இருக்கணும்'னு இருபது நிமிஷமும் மனசார வேண்டறாங்க. சிவப்புதான் எரியுது. ஏன்னா 'எல்லாரும்'ங்கிறதுக்கு ஒரு மூஞ்சி கிடையாது."

"யாரு அந்தச் சில பேரு?"

"அதைச் சொல்லக்கூடாது."

வசந்தாமணி மப்ளரை நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை.

மதுவந்தி வந்த விஷயத்துக்கு வந்தாள். வசந்தாமணியின் மனம் சாய்கிற விதத்தைப் பதிவு செய்து மற்றவர்களின் பட்டைக்குள் செலுத்த முடியும். வலிக்காது. குரல் எதுவும் கேட்காது. மனம் இந்தப் பக்கமாகச் சாயட்டும் என்று ஒரு மெல்லிய தள்ளல், அவ்வளவுதான். தினமும் காலையில் செலுத்தினால் அன்று முழுக்க நிற்கும். முதலில் இந்தக் குடியிருப்பு, அப்புறம் பதினாலு ஊர், அப்புறம் கேட்கிறவர்கள் எல்லோருக்கும்.

"அப்ப அருளப்பனுக்கும் பச்சை எரியுமா?"

"எல்லாருக்கும் எரியும். யாரும் வீட்டைக் காலி பண்ண வேண்டியிருக்காது. நீங்க ஒரு படிவத்துல கையெழுத்துப் போட்டாப் போதும். கையெழுத்துக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட மட்டும் சோதிச்சுப் பாப்போம். தலைவர் தானே முன்வந்திருக்கார்."

அன்றிரவு வசந்தாமணி சுவர்க்கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றாள். ஐம்பத்தாறு வயதில் தன் மனசு மாதிரி ஊரே ஆகப் போகிறது என்று கேட்டால் யாருக்குத்தான் தலை கனக்காது? மறுநாள் கூடத்தில் முறைப்படி உட்கார்ந்து, 'எல்லா உயிரும் நலமாயிருக்கட்டும்' என்று பக்தியோடு சொல்லிப் பார்த்தாள். நெற்றியில் மஞ்சள் எரிந்தது. பக்கத்திலிருந்த விசாலாட்சி பதறிப்போய், "அக்கா, உடம்புக்கு முடியலீங்களா?" என்றாள். பிறகு வசந்தாமணி அந்த முயற்சியைக் கைவிட்டாள்.

*

சோதனை நாள் நாற்பத்தைந்தாம் நாளாக அமைந்தது. அதே காலையில்தான் குக்கர் ஆவி வசந்தாமணியின் வலது கையைப் பதம் பார்த்தது. மணிக்கட்டிலிருந்து விரல் வரை சிவந்து கொப்பளம் கட்டியது. பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள். இதற்கெல்லாம் யாரைப் போய்க் கூப்பிடுவது?

பத்து மணிக்கு லோகநாதன் கதவைத் தட்டினார். கண்கள் கலங்கியிருந்தன. மப்ளர் அப்படியே இருந்தது.

"அம்மணி, என்னமோ ஆயிப்போச்சுங்க எனக்கு."

"உக்காருங்க. காப்பி போடட்டுங்களா?"

"என்ற சம்சாரம் கோமதி இருக்காளுங்களே, பொங்கல்ல இருந்து எடது கையில கரண்டி புடிக்கறாளுங்க. வலது தோள் தூக்க முடியல. ரெண்டு மாசம். எதுத்தாப்பல உக்காந்து தெனமும் மூணு வேளை சோறு திங்கறேன், இன்னிக்குத்தானுங்க கண்ணுல பட்டுது." மூக்கை உறிஞ்சினார். "கீழ இறங்கறேன், காவக்காரர் செருப்பு ரெண்டும் வேற வேற ஜோடி. அந்த இருமற பையன் இருக்கான் பாருங்க, அவன் ஏனுங்க ஒரு கஷாயம் வெச்சுக் குடிக்க மாட்டேங்கறான்? அறிவு வேண்டாமுங்களா? விசாலாட்சி கண்ணுக்குக் கீழ எம்புட்டுக் கருப்பு!"

தன் வாயிலிருந்து வர வேண்டிய வசனங்கள் ஜிப் வியாபாரி வாயிலிருந்து வருவதை வசந்தாமணி அதிசயமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெருமையாகக்கூட இருந்தது. தான் வெட்டிய அளவில் இன்னொருவர் சட்டை போட்டு வந்து நிற்பதைப் போல.

காப்பி டம்ளரை நீட்டினாள். கட்டுப் போட்ட கையாலேயே. லோகநாதன் அந்தக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். துணியில் ஊறியிருந்த மஞ்சள் நீர் டம்ளரின் விளிம்பில் லேசாக ஒட்டியது. அவர் அதைத் துடைத்துவிட்டுக் குடித்தார். குடித்துக்கொண்டே ஐந்தாம் மாடியிலிருந்து முதல் மாடி வரை ஒவ்வொரு வீடாக இரக்கப்பட்டு இறங்கி வந்தார். அரைமணி நேரம். நாற்பது பேருக்குக் குறையாது.

பிறகு எழுந்து, "கோமதிய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறனுங்க" என்று வேகமாகப் போய்விட்டார்.

வசந்தாமணி காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னவோ ஒன்று குறைந்தது. தையல் சரியாக இருக்கிறது, கறை இல்லை, ஆனாலும் பீஸ் கையில் எடை குறைவாக இருக்கிறது என்பதைப் போல. பாத்திரத்தைத் தேய்த்து முடிக்கும் வரை பிடிபடவில்லை. பிடிபட்டபோது சிரிப்பு வந்தது.

'சாப்ட்டாச்சுங்களா?' என்று இன்றைக்கு அவர் கேட்கவில்லை.

அந்த வெறும் பேச்சை ஒன்பது வருடமாக எவ்வளவு திட்டியிருப்பாள்! அது தன் நாளின் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது என்பது, பிய்த்தெடுத்த பிறகுதான் தெரிகிறது.

மாலையில் குப்பை போட இறங்கியபோது மின்தூக்கியில் அருளப்பன் இருந்தான். வேலைக்குக் கிளம்பியிருந்தான். கதவு மூடுவதற்குள் கேட்டான்.

"அக்கா, கைக்கு என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. ஆவி பட்டிருச்சு."

"எங்க, காட்டுங்க." குனிந்து பார்த்தான். "துணிய இப்புடி இறுக்கிச் சுத்தாதீங்க, தோலோட ஒட்டிக்கும். வண்டியில மருந்து இருக்குது. கொண்டாறேன்."

"உனக்கெப்படிடா தெரிஞ்சுது? காலையில இருந்து விசாலாட்சி பாத்தா, காவக்காரர் பாத்தாரு, தலைவர் என்ற கையிலயே காப்பி வாங்கிக் குடிச்சுட்டுப் போனாரு. ஒருத்தருக்கும் கண்ணுல படல."

அருளப்பன் கொஞ்சம் கூச்சப்பட்டான். "நான் மூஞ்சியப் பாக்கறதில்லீங்கக்கா. சாவு வீட்டுல மூஞ்சியப் பாத்தா வண்டி ஓட்ட முடியாது. கையத்தான் பாப்பேன். யாரு கை நடுங்குது, யாரு கை எதப் புடிக்கறதுன்னு தெரியாமத் தொங்குதுன்னு. அந்தக் கையில ஒரு தண்ணி பாட்டிலைக் குடுத்துருவேன். அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

சிவப்பு விளக்கு அருளப்பன், களிம்புக் குழாயை அவள் வீட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனான்.

*

அன்றே மதுவந்தியைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, அந்த நாப்பத்தொரு புள்ளி சொன்னியே, அதுல நான் இருக்கறனா?"

எதிர்முனையில் விசைப்பலகை ஓசை கேட்டது. "இல்லை ஆன்ட்டி. நாப்பத்தஞ்சு நாள் பதிவையும் பாத்துட்டேன். ஒரு இடத்துல கூட நீங்க இல்லை. அது குறை இல்லையே. சுயநலம் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"தலைவர் இன்னிக்கு என்ற வூட்டுக்கு வந்தாரு. என்னையத் தவுத்து ஊரையே பாத்தாரு."

"ஆமா, உங்க பதிவு உங்க கண் வழியாத்தான் பாக்கும். உங்களுக்குத் தெரியாதது அவருக்கும் தெரியாது."

"அவருக்குன்னு தெரிஞ்சிருந்தது என்னாகும்?"

"அது கொஞ்சம் அமுங்கிடும்" என்றாள்.

"அப்புடீங்களா" என்று வைத்துவிட்டாள் வசந்தாமணி.

கம்பெனியில் ஒரு விதி உண்டு. தைத்தவள் தன் பீஸைத் தானே செக்கிங் பண்ணக் கூடாது. திறமை இல்லாமல் அல்ல. தான் விட்ட தையல் தன் கண்ணுக்குப் படாது, அவ்வளவுதான். அதற்குத்தான் இன்னொரு மேசை, இன்னொரு பெண், இன்னொரு ஜோடிக் கண். இருபத்தெட்டு வருடம் அடுத்தவர் தைத்ததைப் பார்த்தவள், தன்னைப் பார்க்க ஒரு மேசை எங்கே இருக்கிறது என்று கேட்டதே இல்லை. அது மின்தூக்கிக்குள் இருந்திருக்கிறது. பதில் கேட்காத ஒரு கேள்வியாகவும், கையை மட்டும் பார்க்கிற ஒரு கண்ணாகவும்.

அன்று நேரங்கழித்துத்தான் தூங்கினாள். கையெழுத்துப் போட்டால் ஸ்டெல்லா இங்கேயே பரீட்சை எழுதுவாள். போடாவிட்டால்? அந்தக் கேள்விக்கு மட்டும் எந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது என்று தெரியவில்லை.

*

நாற்பத்தெட்டாம் நாள் கூடம் நிரம்பி வழிந்தது. இருபது நிமிடம் முடிந்து மணி அடித்ததும், சங்கச் செயலாளர் எழுந்து கடைசி வரிசையைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். அருளப்பன் நெற்றியில் சிவப்பு. பக்கத்தில் ஸ்டெல்லா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் பச்சை. அப்பாவையே நினைத்துக்கொண்டிருந்தால் பச்சை எரியாமல் என்ன செய்யும்?

"விதிப்படி சிவப்பு விளக்கு ஒருத்தருங்க" என்றார் செயலாளர்.

"ரெண்டு பேருங்க" என்றார் லோகநாதன்.

எழுந்து நின்றார். மப்ளரை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று அவிழ்த்தார். நெற்றி வேர்வையில் பளபளக்க, நடுவில் விளக்கு சிவந்து நின்றது. மூன்று நாளைக்கு முன் போட்ட பதிவு எப்போதோ இறங்கிப் போயிருந்தது.

கோமதியின் குரல் கேட்டது.

"எனக்கு மொத நாளே தெரியுமுங்க. அந்த மப்ளர எடுத்துக் குடுத்ததே நாந்தான்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. லோகநாதனும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நெசமாத்தானுங்க வேண்டுனேன்" என்றார் பொதுவாக. "அல்லாரும் நல்லா இருக்கோணும்னு தெனமும் மனசார வேண்டுனேன். எரியல. விதி நான் போட்டதுதான். நானும் காலி பண்றனுங்க." மப்ளரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றவர், கண்ணெதிரே வசந்தாமணியைக் கண்டதும் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"சாப்ட்டாச்சுங்களா?"

போக்கிடம் இல்லாததால், முதல் தடவையாகப் பதிலுக்காக நின்றார்.

"இன்னும் இல்லீங்க" என்றாள் வசந்தாமணி.

மதுவந்தி படிவத்தோடு முன்னால் வந்தாள். புதுச் செருப்பு போட்டிருந்தாள். யார் சொல்லியிருப்பார்கள் என்று வசந்தாமணி யோசித்தாள். தான் சொல்லவில்லை. யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார்.

"யாரும் எங்கேயும் போக வேண்டாம்" என்றாள் மதுவந்தி எல்லோரையும் பார்த்து. "ஆன்ட்டி சம்மதிச்சா நாளைக்குக் காலையில இந்தக் கூடம் முழுக்கப் பச்சை எரியும். தலைவருக்கும், கடைசி வரிசையில இருக்கிற அவருக்கும்." பேனாவை நீட்டினாள்.

நூற்றைம்பது தலைகள் திரும்பின. லோகநாதன் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்தார். ஸ்டெல்லா பாயைப் பிய்ப்பதை நிறுத்தியிருந்தாள். அருளப்பன் மட்டும் வசந்தாமணியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தான். கொப்பளம் அமுங்கிப் புதுத்தோல் இளஞ்சிவப்பாக வரத் தொடங்கியிருந்தது. நல்லாயிருக்குது என்பதைப் போலத் தலையசைத்தான்.

வசந்தாமணி பேனாவை வாங்கவில்லை. கைப்பையைத் திறந்து கொஞ்ச நேரம் துழாவினாள். மூக்குக் கண்ணாடி தேடுகிறாள் என்று மதுவந்தி நினைத்திருக்க வேண்டும். பொறுமையாக நின்றாள்.

"தலைவரே, ரெண்டு பேரு போகோணும்னா மூணாவதா என்ற பேரையும் எழுதிக்குங்க" என்றாள் வசந்தாமணி, நெற்றியிலிருந்து பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தபடி. "பட்டை கட்டாத நெத்தியில பச்சை எரியாதுங்க. மூணு பேரும் ஒரே வண்டியில சாமான் ஏத்திக்கலாம். இல்லீன்னா, அந்த விதிய மறுபடி ஒருக்கா விரிச்சுப் போட்டுப் பாருங்க. நீங்க தைச்சது. வேற யாராவது செக்கிங் பண்ணட்டும்."

லோகநாதன் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் விதிப்புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தேடத் தொடங்கினார்.

"ஆன்ட்டி, ஒரு கையெழுத்துதானே?" மதுவந்தியின் குரல் தாழ்ந்திருந்தது. "ஊரே உங்களை மாதிரி ஆகும்."

"அதுக்குத்தான் போடல, கண்ணு."

சுருளிலிருந்து ஒரு ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பி எடுத்தாள். படிவத்தில் கையெழுத்துக்கென்று விட்டிருந்த வெற்றிடத்தில், சிவப்பு அம்பு அந்த வெறுமையைக் காட்டும்படி நேராக வைத்து, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினாள். பிறகு, திருப்பி அனுப்பும் பீஸைத் தள்ளுவதைப் போல, கசங்காமல், கோபமில்லாமல், மேசையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டாள்.